பகடை உருட்டிய பவேரியர்

நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயர் அஸ்தினாபுரம். குரோம்பேட்டையில் ரயிலிறங்கி, ராஜேந்திர பிரசாத் சாலை வழியே ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேரவேண்டிய ஊர். இன்று தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது. இங்கே திருதராட்டிரன் அரண்மனையும் இல்லை, சூதாட்ட மண்டபமும் இல்லை. ஆனாலும் பெயர் பெயர்தான். முகவரி சொல்லும்போதெல்லாம் கேட்பவர் முகத்தில் ஒரு சிறு முறுவல் தோன்றும்; "பாஞ்சாலி சௌக்கியமா?" என்று கேட்ட தபால்காரரும் உண்டு. அந்தப் பெயருக்கு ஏதாவது நியாயம் செய்யவேண்டும் என்று நண்பர்கள் ஐவர் (எண்ணிக்கை தற்செயலானது) ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு படம் பார்த்தோம். 1929இல் வெளிவந்த மௌனப்படம். இந்தியில் 'பிரபஞ்ச பாஷ்', ஆங்கிலத்தில் 'எ த்ரோ ஆஃப் டைஸ்'. மகாபாரதச் சூதாட்டத்தைத் தழுவியது. நடித்தவர்கள் எல்லோரும் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். எடுத்த இடம் ராஜஸ்தானம். இயக்கியவர் மட்டும் மியூனிக் நகரத்து ஜெர்மானியர். பெயர் ஃபிரான்ஸ் ஆஸ்டன்.

நமக்கு அயல்நாட்டு இயக்குநர் என்றதும் எல்லிஸ் ஆர். டங்கன் நினைவுக்கு வருகிறார். அதில் தவறில்லை. 'சதிலீலாவதி' முதல் 'மந்திரிகுமாரி' வரை நமக்குக் கொடுத்த மனிதர். ஆனால் டங்கன் இந்த மண்ணில் கால் வைப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே ஒரு ஜெர்மானியர் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கி, இந்தியக் கதையை இந்திய நடிகர்களைக் கொண்டு படமாக்கி, ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்று காட்டினார். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது சொற்பம். அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, எழுதாமல் விட்டதற்கு மறதி மட்டும் காரணமாக இருக்கமுடியாது என்ற சந்தேகமும் எங்களுக்கு எழுந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஆஸ்டனின் இயற்பெயர் ஃபிரான்ஸ் ஆஸ்டர்மயர். 1876 டிசம்பர் 23ஆம் நாள் மியூனிக்கில் பிறந்தார். குடும்பத் தொழில் புகைப்படம். தம்பி பீட்டர் ஆஸ்டர்மயரோடு சேர்ந்து 1907இல் ஊர் ஊராகச் செல்லும் திரைக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். நம் சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தொடங்கி டெண்ட் கட்டிப் படம் காட்டிக்கொண்டு சுற்றிய அதே காலம். அண்ணன் தம்பி காட்டிய சிறுபடங்களுள் 'இந்திய வாழ்க்கை' என்ற பொருளில் தலைப்பிட்ட ஒன்றும் இருந்ததாகச் சொல்வார்கள். தம்பி பீட்டர் வியாபார சாமர்த்தியம் மிக்கவர். அவர் நிறுவிய கம்பெனி வளர்ந்து 'எமெல்கா' என்ற பெரும் படநிறுவனமாயிற்று; பிற்காலத்து பவேரியா ஸ்டூடியோவின் வேர் அதுதான். அண்ணன் ஃபிரான்ஸ் 1911இல் முதல் கதைப்படத்தை எடுத்தார். உலகப்போர் வந்தது, நிருபராகவும் பிறகு சிப்பாயாகவும் போனார், திரும்பிவந்து பவேரிய மலைக்கிராமத்துக் கதைகளைப் படமாக்கிக்கொண்டிருந்தார். இந்தியா குறுக்கிடாவிட்டால் ஜெர்மன் திரைப்பட வரலாற்றில் ஓர் அடிக்குறிப்போடு அவர் கதை முடிந்திருக்கும் என்பது எங்கள் துணிபு.

1924இல் ஹிமான்சு ராய் என்ற வங்காளி வழக்கறிஞர் மியூனிக்கில் வந்து நின்றார். சட்டம் படிக்க லண்டன் போய் நாடகத்தில் விழுந்தவர். உலகத்து மதங்களைப் பற்றி வரிசையாகப் படங்கள் எடுக்கவேண்டும் என்பது அவர் கனவு. பவேரியாவில் ஓபரம்மர்கவ் என்ற ஊரில் ஊர்மக்களே ஏசுநாதரின் பாடுகளை நடிக்கும் புகழ்பெற்ற நாடகமொன்று உண்டு. அது அவருக்கு ஒரு முன்மாதிரி. முதல் படம் புத்தர் கதை. எட்வின் ஆர்னால்டின் 1879ஆம் ஆண்டுக் காவியமான 'ஆசிய ஜோதி'யே ஆதாரம் (கவிமணி தமிழில் தந்தாரே, அதன் மூலம்தான்). திரைக்கதை நிரஞ்சன் பால். விபின் சந்திர பாலின் மகன். ஒப்பந்தம் எளிமையானது: காமிரா, படச்சுருள், இயக்குநர், ஒளிப்பதிவாளர்கள் ஜெர்மனி பொறுப்பு, பணம், நடிகர், இடம் இந்தியர் பொறுப்பு. பீட்டர் தன் அண்ணனைக் கைகாட்டினார்.

1925 பிப்ரவரியில் புறப்பட்ட ஆஸ்டனின் குழு மார்ச்சில் பம்பாய் வந்து சேர்ந்தது. கூட வந்த ஒளிப்பதிவாளர்கள் வில்லி கீர்மையர், ஜோசஃப் விர்ஷிங். இரண்டாவது பெயரை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும்.

அதுவரை ஜெர்மன் சினிமாவில் இந்தியா என்பது பெர்லினுக்குப் பக்கத்தில் அட்டையாலும் சாந்தாலும் கட்டப்பட்ட நாடு. 1921இல் ஜோ மே எடுத்த 'இந்தியக் கல்லறை' படத்துக்காக அப்படி ஒரு பிரம்மாண்டமான பொய் இந்தியாவே எழுப்பப்பட்டது. ஆஸ்டன் செய்தது நேர்மாறு. செட் வேண்டாம், செயற்கை வெளிச்சம் வேண்டாம், ஒப்பனை வேண்டாம் என்று முடிவு செய்து, ஜெய்ப்பூர் மகாராஜாவின் உதவியால் அவருடைய யானைகளையும் அரண்மனைகளையும் சேவகர்களையும் அப்படியே படத்துக்குள் இறக்கினார். ராயே சித்தார்த்தனாக நடித்தார். கோபையாக நடித்த பெண் ரெனே ஸ்மித் என்ற ஆங்கிலோ இந்தியச் சிறுமி; படத்துக்காகச் சீதாதேவி ஆனார்.

படம் ஐரோப்பாவில் வெற்றி. லண்டனில் மாதக்கணக்கில் ஓடியது. இந்தியாவில் சுமார்தான். இலங்கையிலும் மலாயாவிலும் தடையே விதித்துவிட்டார்கள். புத்தர் பெருமானை ஒரு மனிதன் வேஷங்கட்டி நடிப்பதாவது என்ற கோபம். பௌத்தம் வாழ்ந்த நாடுகளில் ஓடமுடியாத புத்தர் படம்! இந்தியாவை யாருக்காகப் படமெடுக்கிறோம் என்ற கேள்வி அன்றே ராயின் முன் வந்து நின்றுவிட்டது.

அடுத்து 1928இல் 'ஷிராஸ்'. தாஜ்மகால் கட்டிய சிற்பியின் கற்பனைக் கதை. மும்தாஜாக இனாக்ஷி ராமராவ், சூழ்ச்சிக்காரியாகச் சீதாதேவி, ஷாஜகானாக சாரு ராய். மும்தாஜைக் காதலித்து இழந்த குயவன் மகன், அவள் கல்லறைக்கு வடிவம் கொடுக்கிறான். இப்படியொன்றை இன்னொருவருக்குக் கட்டித் தரக்கூடாதென்று அவன் கண்ணைப் பறிக்கச் சொல்கிறார் சக்கரவர்த்தி. அவனோ ஏற்கெனவே பார்வையை இழந்தவனாய் நிற்கிறான். வரலாறு இல்லைதான். ஆனால் அந்தக் காட்சியின் அமைதியைப் பார்த்தபின் வரலாறு பேச மனம் வரவில்லை. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் இதைப் புதுப்பித்து 2017இல் அனுஷ்கா சங்கரின் இசையோடு வெளியிட்டது.

மூன்றாவதுதான் எங்கள் மொட்டைமாடிப் படம். நாங்கள் 'சூது துகில்' கூத்துகளை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள்; செங்கல்பட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் பாடி முடித்துத் தீமிதிப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆகவே ஒருவிதக் கர்வத்தோடுதான் உட்கார்ந்தோம். படத்தில் ரஞ்சித், சோஹத் என்று இரண்டு அரசர்கள். இருவருக்கும் சூதில் வெறி. இருவருக்கும் ஒரே பெண்மேல் ஆசை. அந்தப் பெண் சுனிதா, கண்வர் என்னும் முனிவரின் மகள். "கண்வரா? இது சாகுந்தலமாயிற்றே!" என்று ஒரு நண்பர் எழுந்துவிட்டார். உட்கார வைத்தோம். நிரஞ்சன் பால் சபாபருவத்தையும் சாகுந்தலத்தையும் ஒரே பாத்திரத்தில் கிண்டியிருக்கிறார். கள்ளப்பகடையால் ரஞ்சித் நாட்டை இழக்கிறான், கடைசியில் தன்னையே இழந்து அடிமையாகிறான். ஆனால் எங்கள் கூத்துக்காரர் உயிரைக் கொடுத்து நடிக்கும் கட்டம் இதில் கிடையாது. பெண்ணைப் பணயம் வைத்து இழுத்துவரும் சபை இல்லை. பாஞ்சாலியின் கேள்வி இல்லை. பாரதியார் 1912இல் கையிலெடுத்த நெருப்பு அதுதானே? அதை விட்டுவிட்டுப் பாரதச் சூது எடுப்பது உப்பில்லாப் பொங்கல்.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொண்டாகவேண்டும். ஆஸ்டனின் கண் சாதாரணக் கண் அல்ல. ஆயிரக்கணக்கில் துணைநடிகர், குதிரை, யானை எல்லாம் இருந்தும் அவர் பகடை உருட்டும் கைகளின் அருகில் போய் நிற்கிறார். தோற்பவனின் முகத்தை அவசரமில்லாமல் பார்க்கிறார். நம் ஊர்ப் படங்களில் பேச்சும் பாட்டும் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுவதற்கு முன், இந்திய முகம் ஒன்று சும்மா இருப்பதைப் படம்பிடித்தவர்களில் அவரும் ஒருவர். படத்தின் அரங்க அலங்கார வேலையில் ஒரு இளம்பெண் பங்குகொண்டார். பெயர் தேவிகா ராணி. வால்டேரில் பிறந்தவர், தந்தை கர்னல் சௌதுரி சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாக இருந்தவர். அவ்வகையில் நமக்கும் கொஞ்சம் உறவு. 1929இல் ஹிமான்சு ராய் அவரை மணந்துகொண்டார்.

பேசும்படம் வந்தது, ஜெர்மனியில் 1933இல் நாஜிகளின் ஆட்சியும் வந்தது. பழைய கூட்டு கலைந்தது. ராய் பம்பாய்க்குத் திரும்பி 1934இல் மாலாடில் 'பாம்பே டாக்கீஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். பங்குதாரர்கள், இயக்குநர் குழு, ஒழுங்கான சம்பளம், எல்லா ஜாதியாருக்கும் ஒரே சாப்பாட்டுக்கூடம் என்று அந்தக் காலத்தில் நம்பமுடியாத ஏற்பாடு. (அதே 1934இல்தான் சென்னைக்கு முதல் பேசும்பட ஸ்டூடியோவே கிடைத்தது, நாராயணனின் ஸ்ரீநிவாஸா சினிடோன். அதுவரை நாம் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிப்போய்ப் படமெடுத்தவர்கள்.) தொழில்நுட்பத்துக்குப் பழைய ஜெர்மன் நண்பர்களை அழைத்தார் ராய். ஒளிப்பதிவுக்கு விர்ஷிங், அரங்க அமைப்புக்குக் கார்ல் ஃபான் ஸ்ப்ரெட்டி, இயக்கத்துக்கு ஆஸ்டன். இந்த ஸ்ப்ரெட்டி பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் தூதராகக் குவாதமாலா போய், 1970இல் கிளர்ச்சிக்காரர்களால் கடத்திக் கொல்லப்பட்டார். மாலாடில் ஓலைக்குடிசை செட் போட்டவருக்கு அப்படியொரு முடிவு.

1935 முதல் 1939 வரை ஏறக்குறையப் பதினைந்து படங்களை ஆஸ்டன் இயக்கினார். வயது அறுபதை ஒட்டியிருந்தது. இந்தி தெரியாது. வசனம் காஷ்யப், கதை நிரஞ்சன் பால், இசை சரஸ்வதி தேவி என்ற பார்சிப் பெண்மணி. அப்படியானால் இயக்குநர் என்னதான் செய்தார்? டங்கனைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்பவர் உண்டு. எங்களுக்குத் தோன்றும் விடை இது: மொழி தெரியாதவருக்கு வசனத்தின் மயக்கம் கிடையாது. நடிகர் எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார், குரல் நின்றபின் முகம் என்ன செய்கிறது என்பதை மட்டுமே அவர் பார்ப்பார். பார்சி நாடகமேடையின் உரத்த குரலிலிருந்து பாம்பே டாக்கீஸ் நடிகர்கள் இறங்கிவந்து பேசியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும்.

ஆனால் அவர் கணிப்பு எப்போதும் சரியென்று சொல்லமாட்டோம். 'ஜீவன் நையா' படப்பிடிப்புச் சமயத்தில் கதாநாயகன் நஜ்முல் ஹுசேனோடு தேவிகா ராணி கல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஒருவழியாக அவர் மட்டும் திரும்பி வந்தார். கதாநாயகன் வேலை போயிற்று. அந்த இடத்துக்கு லேபரட்டரியில் வேலைபார்த்த குமுத்லால் கங்குலி என்ற இளைஞனை நிறுத்தினார் ராய். தாடை பெரிதாக இருக்கிறது, இவன் நாயகனாகத் தேறமாட்டான் என்று ஆஸ்டன் சொன்னதாகக் கதை. அந்தத் தாடைதான் அசோக் குமார் என்ற பெயரில் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தித் திரையில் இருந்தது.

1936இல் 'அச்சுத் கன்யா' வந்தது. தீண்டப்படாத பெண் என்று பொருள். ரயில்வே கேட் காவலாளியின் மகள் கஸ்தூரி. பிராமணக் கடைக்காரரின் மகன் பிரதாப். தகப்பன்மார் இருவரும் நண்பர்கள்; பாம்புக்கடியிலிருந்து பிராமணரைக் காப்பாற்றியவர் கேட் காவலாளி. பிள்ளைகளின் காதலை ஊர் ஏற்கவில்லை. இருவருக்கும் வேறு வேறு இடத்தில் திருமணம். கடைசியில் அந்த ரயில்வே கேட்டில் ஆண்கள் இருவரும் கட்டிப்புரள, வரும் ரயிலை நிறுத்த ஓடிய கஸ்தூரி அதிலேயே அடிபட்டு மாள்கிறாள். குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் ஆயுளில் பாதியைக் காத்து நின்று கழித்த எங்களுக்கு அந்தத் தண்டவாளமும் கைகாட்டி விளக்கும் மணியோசையும் மிகவும் நெருக்கமானவை. ஊருக்குள்ளும் சேராமல் வெளியேயும் சேராமல், எல்லோரும் கடந்துபோகும் இடத்தில் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்தை வைத்தது நல்ல கற்பனை. விர்ஷிங்கின் ஒளி அந்த இரவுகளை மறக்கமுடியாதவை ஆக்குகிறது.

அந்தப் படம் தைரியமானதா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பெண்ணைச் சாகடித்துக் கோயில் கட்டிவிட்டால் சமூகத்துக்கு வசதி என்றார் ஒருவர். நியாயம்தான். அதே 1936இல் அம்பேத்கர் 'சாதியை அழித்தொழிக்கும் வழி' உரையை அச்சிட்டார். அதன் பக்கத்தில் இப்படம் கொஞ்சம் இனிப்பாகவே தெரியும். ஆனால் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது அவ்வாண்டு நவம்பரில்; மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைய 1939 ஆயிற்று. அந்தக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், நாடெங்கும் ஓடிய ஒரு வெற்றிப்படம் இதைப் பேசியது சிறிய காரியமல்ல.

இனிச் சங்கடமான இடத்துக்கு வருகிறோம். 1936ஆம் ஆண்டு, பம்பாயில் பணிபுரிந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஃபிரான்ஸ் ஆஸ்டன் நாஜிக் கட்சியின் உறுப்பினரானார்.

வாசகர்கள் ஒருமுறை நிதானித்து இந்த வருடத்தைப் பார்க்கவேண்டும். அதற்கு முந்தைய செப்டம்பரில்தான் நூரம்பர்க் சட்டங்கள் வந்திருந்தன. யூதருக்கும் 'ஜெர்மானிய ரத்தத்தாருக்கும்' திருமணம் கூடாது, உறவும் கூடாது, மீறினால் சிறை. பிறப்பைக் காட்டி இரண்டு பேரைப் பிரிப்பது பாவம் என்று மாலாடில் படமெடுத்த அதே மனிதர், பிறப்பைக் காட்டிப் பிரிப்பதைச் சட்டமாக்கிய கட்சியின் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வெளிநாட்டில் வேலைபார்க்கும் ஜெர்மானியருக்குக் கட்சியின் நெருக்கடி இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டுமா?

ஏனென்றால் அதே பம்பாயில் வேறு மாதிரி ஐரோப்பியர்களும் இருந்தார்கள். வால்டர் காஃப்மன் என்ற யூத இசைஞர் 1934இல் வந்து சேர்ந்தார். அகில இந்திய வானொலியின் காலை நேர அடையாள இசை அவர் அமைத்தது என்பார்கள். நாம் பல்துலக்கும்போது கேட்ட அந்தத் தம்பூராவும் வயலினும்தான். வில்லி ஹாஸ் பிராகு நகரத்து யூதர், ஜெர்மன் மொழி எழுத்தாளர், பெர்லினில் 'இலக்கிய உலகம்' என்ற புகழ்பெற்ற வாரப் பத்திரிகையை நடத்தியவர், பாப்ஸ்ட் இயக்கிய 'களிப்பற்ற தெரு'வுக்குத் திரைக்கதை எழுதியவர். ஹிட்லர் வந்ததும் பிராகுக்கு ஓடினார்; 1939இல் பிராகும் வீழ்ந்தபின் பம்பாய்க்கு ஓடிவந்து மோகன் பவ்நானியின் படக்கம்பெனியில் கதை எழுதிப் பிழைத்தார். இப்சனின் 'ஆவிகள்' நாடகம் அவர் கைவழியே 1940இல் இந்திப்படமானது. உயிர் தப்பி வந்த அந்த மனிதரையும் கட்சிச் சீட்டு வைத்திருந்த இந்த மனிதரையும் ஒரே நகரத்தின் சினிமா தாங்கியது. நம் திரைப்பட வரலாறுகளில் இருவருமே 'ஜெர்மானியக் கலைஞர்கள்' என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறார்கள். அதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. லீலா சிட்னிஸும் அசோக் குமாரும் நடித்த 'கங்கன்' படப்பிடிப்பில் இருந்தபோது ஆங்கில அரசு ஆஸ்டனையும் மற்ற ஜெர்மானியரையும் கைதுசெய்தது. மீதிப் படத்தை உதவியாளர்கள் முடித்தார்கள். முதியவரான ஆஸ்டன் விடுவிக்கப்பட்டு 1940இல் ஜெர்மனி திரும்பினார். தோள்கொடுத்த ஜெர்மானியர்கள் போனபின் ஹிமான்சு ராய் நெடுநாள் இருக்கவில்லை; 1940 மே 16ஆம் நாள் காலமானார். தேவிகா ராணி ஸ்டூடியோவை ஏற்று நடத்தினார். 1943இல் கல்கத்தாவில் மூன்றாண்டுக்கு மேல் ஓடிய 'கிஸ்மத்' அந்தக் காலத்தது. திலீப் குமார் 1944இல் அறிமுகமானதும் அங்கேதான்.

ஆஸ்டன் போர் முடியும்வரை பவேரியா ஃபிலிம் நிறுவனத்தில் நடிகர் தேர்வுப் பிரிவில் வேலைபார்த்தார். படம் இயக்கவில்லை. பின்பு பாட் ஐப்லிங் என்ற ஊரில் ஒரு நீர்ச்சிகிச்சை நிலையத்தை நிர்வகித்தார். 1956 டிசம்பர் 2ஆம் நாள், எண்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில் அங்கேயே இறந்தார்.

அவரைத் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் ஒரு சென்னைக்காரருக்குப் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. எரிக் பார்னோவும் எஸ். கிருஷ்ணசுவாமியும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட இந்தியத் திரைப்பட வரலாற்றில் ஹிமான்சு ராய் கதை விரிவாக வருகிறது. கிருஷ்ணசுவாமி யார்? 'தியாகபூமி' எடுத்த கே. சுப்ரமணியத்தின் மகன்.

விர்ஷிங்கை மனத்தில் இருத்தச் சொன்னோம் அல்லவா? அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. போர்க்காலம் முழுவதும் முகாம்களில் கழித்தார். வெளியே வந்ததும் ஜெர்மனிக்குக் கப்பலேறாமல் பம்பாயிலேயே தங்கிவிட்டார். 1949இல் 'மஹல்' படத்தில் மதுபாலா ஊஞ்சலாடும் அந்த நிழலிரவு அவர் கைவண்ணம். 1967இல் பம்பாயில் இறந்தார். அவர் ஒளிப்பதிவைப் பாதியில் விட்டுப்போன 'பாகீசா' 1972இல் வெளிவந்தபோது, பெயர்ப்பட்டியலில் ஒளிப்பதிவாளர் என்று அவர் பெயரே இருந்தது.

எங்கள் வேட்டித்திரையில் படம் முடிந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. கள்ளப்பகடை அம்பலமாகி, துரத்தப்பட்ட சோஹத் பாறை உச்சியிலிருந்து குதிக்கிறான். ரஞ்சித்துக்கும் சுனிதாவுக்கும் கல்யாணம். "நம்ம கூத்தில் துரியோதனனைப் படுகளத்தில் மண்ணில் கிடத்தி, பாஞ்சாலி கூந்தல் முடியாமல் விடமாட்டார்கள்" என்றார் கண்வரைக் கேட்டுக் கோபித்த நண்பர். வேட்டியை அவிழ்த்து மடித்தோம். அடுத்த மாதம் 'அச்சுத் கன்யா' என்று முடிவாகியிருக்கிறது. இந்தி தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வர ஒப்புக்கொண்டிருக்கிறார்.